கலிங்கும் கபாலமும்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். சண்டேசர் தலையில் சிவபெருமான் பூ சுற்றிவிடுகிற அந்த அற்புதச் சிற்பத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. சிங்கக் கிணற்றை ஓர் எட்டு எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் வண்டியேறி, கும்பகோணத்தில் டிகிரி காபி!

கோயிலுக்கு மேற்கே ஓர் ஏரி இருக்கிறது. பொன்னேரி என்பார்கள். ராஜேந்திர சோழன் வைத்த பெயர் சோழகங்கம். கங்கை வரை படை அனுப்பி, அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்ன ராஜா, ஜெயித்ததற்கு அடையாளமாகக் கல்லில் தூண் நடவில்லை. ஏரி வெட்டினான். 'தண்ணீராலான வெற்றித் தூண்' என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கோயிலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நாம் போவோம். இந்த வாரக் கதை ஏரிக்கரையில்தான் ஆரம்பிக்கிறது. முடிவது எங்கே தெரியுமா? ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில். நடுவில் ஒரு சிமென்ட் உலையும் வரும். பொறுமையாக வாருங்கள்.

ஏரி என்றால் இரண்டு சமாசாரம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று மதகு, இன்னொன்று கலிங்கு.

மதகுக்கு ஆள் வேண்டும். வயல் காய்கிறதா, ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துத் திறப்பார், மூடுவார். கலிங்குக்கு ஆளே தேவையில்லை. தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் தானாக வழிந்து வெளியே போகும். மட்டம் இறங்கினால் தானாக நிற்கும். நடு ராத்திரி, பேய் மழை, ஊரே தூங்குகிறது. பரவாயில்லை. கலிங்கு தூங்காது. கரை உடையாது.

இன்றைய பாஷையில் இதற்குப் பெயர் தானியங்கிக் கட்டுப்பாடு. ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல்!

மனிதன் ரொம்ப காலமாகவே இந்த விளையாட்டை ஆடி வந்திருக்கிறான். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் க்டெசிபியோஸ் என்கிற ஆசாமி ஒரு தண்ணீர்க் கடிகாரம் செய்தார். அதில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறி, வருகிற வழியை அடைக்கும். இறங்கினால் திறக்கும். உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிற மிதவைக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. 1788ல் ஜேம்ஸ் வாட் தன்னுடைய நீராவி இயந்திரத்தில் இரண்டு உருண்டைகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் உருண்டைகள் அகல விரிந்து நீராவியைக் குறைக்கும். குறைந்தால் சுருங்கி, கூட்டும். அதன் பெயர் கவர்னர்.

இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். விளைவைப் பார், அதை வைத்து செயலைத் திருத்து. இதைப் பின்னூட்டம் என்பார்கள்.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஒரு கப்பலில் ஏற வேண்டும்.

கடாரம் வரை கப்பல் விட்டவர்களின் ஊரில் நின்றுகொண்டு மாலுமியைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? 1922ல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி என்கிற எஞ்சினியர், ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், ஒரு கட்டுரை எழுதினார். கப்பல் தானாகத் திசை பிடித்துப் போக வழி உண்டா? இதுதான் கேள்வி. அவர் இயந்திரத்தை ஆராய்வதற்கு முன்னால் சுக்கான் பிடிக்கிற ஆளைக் கவனித்தார். கைதேர்ந்தவர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? இதுவரை விலகியது எவ்வளவு சேர்ந்திருக்கிறது? எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது?

நான் பி.காம். எனக்கு இது கணக்குப் புத்தகம் மாதிரிதான் தெரிகிறது. இன்றைய பற்றாக்குறை, இதுவரை சேர்ந்த பாக்கி, நிலைமை மோசமாகிற வேகம். மூன்றையும் பார்த்து முடிவெடுக்கிறவன் தேறுவான். இன்றைக்கும் உலகத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்த மூன்று கணக்கில்தான் ஓடுகின்றன.

அடுத்து இரண்டாம் உலகப் போர். விமானத்தைச் சுட வேண்டும். விமானம் இருக்கிற இடத்தில் சுட்டால் குண்டு போய்ச் சேருவதற்குள் அது பறந்துவிடும். இருக்கப்போகிற இடத்தில் சுட வேண்டும். அதாவது, முன்கூட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் இந்தக் கணக்கில் இறங்கினார். ஜூலியன் பிகலோ என்கிற எஞ்சினியர் கூட்டாளி. இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். பின்னூட்டம் அளவுக்கு மீறினால் இயந்திரம் நடுங்க ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கம் போய்விட்டது என்று திருத்தினால் அந்தப் பக்கம் அதிகம் போகிறது. அதைத் திருத்தினால் மறுபடி இந்தப் பக்கம்.

வீனருக்கு மெக்ஸிகோ நாட்டு மருத்துவ விஞ்ஞானி ஒருவர் நண்பர். அர்துரோ ரோசன்ப்ளூத். மனிதர்களுக்கு இப்படி ஏதாவது வியாதி உண்டா என்று அவரிடம் கேட்டார்கள். உண்டே! சிறுமூளையில் அடிபட்டவர் தம்ளரை எடுக்கக் கையை நீட்டினால், கை தம்ளரைத் தாண்டிப் போகும். திரும்ப வரும். மறுபடி தாண்டும். கிட்டே போகப்போக ஆட்டம் அதிகமாகும். அச்சு அசலாக அந்தப் பீரங்கி மாதிரியே!

பீரங்கிக்கும் கபாலத்துக்கும் ஒரே கணக்கு. 1943ல் மூவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். 1948ல் வீனரின் 'சைபர்னெடிக்ஸ்' புத்தகம் வந்தது. அந்தச் சொல்லின் வேர், மாலுமியைக் குறிக்கிற கிரேக்கச் சொல். கவர்னர் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வீனர் 1955-56ல் கல்கத்தாவுக்கு வந்து, மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தார் என்பது உபரித் தகவல்.

இனி அரியலூர்.

இந்த ஊரின் ஜாதகம் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது. அப்போது இங்கே கடல். செத்த சங்கும் சிப்பியும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. இப்போதும் தோண்டினால் கல்லாய்ச் சமைந்த நத்தைகள் கிடைக்கும். சுண்ணாம்புக்கல் இருக்கிற இடத்தில் சிமென்ட் ஆலை வராமல் இருக்குமா? அரசு ஆலை, தனியார் ஆலைகள் என்று மாவட்டம் முழுக்கப் புகைபோக்கிகள்.

சிமென்ட் ஆலையின் இருதயம் அந்த சுழல் உலை. நீளமான இரும்புக் குழாய். லேசாகச் சாய்ந்து, மெதுவாகச் சுற்றும். மேல் முனையில் அரைத்த கல்மாவு. கீழ் முனையில் நெருப்பு. சுமார் 1,450 டிகிரி செல்சியஸ். அங்கேதான் மாவு உருண்டு கிளிங்கர் ஆகிறது. சூடு குறைந்தால் சிமென்ட் சரியில்லை. கூடினால் நிலக்கரி வீண், உள்ளே பதித்த செங்கல்லும் காலி. உள்ளே கை வைத்துப் பார்க்க முடியுமா? நீலக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்க்கிற அனுபவசாலி ஆபரேட்டர்தான் கதி. 'கொஞ்சம் சூடு கம்மி. நிலக்கரியைக் கொஞ்சம் கூட்டு.' இப்போது கூட்டினால் பலன் உடனே தெரியாது. நேரமாகும். அவசரப்பட்டு இன்னும் கூட்டினால் பீரங்கி ஆட்டம்தான்.

இந்த 'கொஞ்சம்' இருக்கிறதே, அதுதான் இயந்திரத்துக்குப் புரியாத வார்த்தை. கம்ப்யூட்டருக்கு ஒன்று அல்லது பூஜ்யம். கொஞ்சமாவது, நிறையவாவது!

1965ல் கலிபோர்னியாவில் லோட்ஃபி ஜாதே என்ற பேராசிரியர் 'கொஞ்சத்துக்கும்' ஒரு கணிதம் உண்டு என்று எழுதினார். ஃபஸ்ஸி. மங்கலான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் சிரித்தார்கள். அதை முதன்முதலில் ஓர் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டியவர் இப்ராஹிம் மம்தானி. தான்சானியாவில் பிறந்தவர், நம்ம புனே எஞ்சினியரிங் காலேஜில் படித்தவர். லண்டனில் 1974 வாக்கில் தன் மாணவர் அசிலியனோடு சேர்ந்து, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்கிற சாதாரண வாக்கியங்களை வைத்தே ஒரு சின்ன நீராவி இயந்திரத்தைக் கட்டுப்படுத்தினார்.

டென்மார்க்கில் இதைப் பார்த்த இரண்டு எஞ்சினியர்கள், ஹோம்பிளாட், ஆஸ்டர்கார்ட், யோசித்தார்கள். உலை ஆபரேட்டரும் இப்படி 'இருந்தால் செய்' என்றுதானே வேலை பார்க்கிறார்? எழுபதுகளின் கடைசியில் ஒரு சிமென்ட் உலையை அந்த விதிகளால் ஓட்டினார்கள். தொழிற்சாலையில் ஃபஸ்ஸி கணக்கு முதன்முதலில் கூலிக்கு வேலை பார்த்தது அங்கேதான். கம்பெனியின் பெயர் எஃப்.எல். ஸ்மித். அதே கம்பெனி 1934ல் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை சிமென்ட் ஆலைக்கு இயந்திரம் பொருத்த ஓர் இளைஞரை அனுப்பியது. பெயர் சோரன் டூப்ரோ. ஆமாம், பின்னாளில் லார்சனோடு சேர்ந்தாரே, அதே டூப்ரோதான்!

இப்போது ஒரு வேடிக்கை. லண்டனில் மம்தானி 'கொஞ்சம்' என்ற சொல்லை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த அதே 1974ல், ஸ்காட்லாந்தில் இரண்டு டாக்டர்கள் அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியிலிருந்து துரத்தினார்கள்.

தலையில் அடிபட்டு ஒருவர் வருகிறார். ஒரு டாக்டர் 'அரை மயக்கம்' என்று எழுதுகிறார். ஷிஃப்ட் மாறி வந்தவர் 'ஆழ்ந்த மயக்கம்' என்று எழுதுகிறார். நோயாளி மோசமாகிவிட்டாரா, அல்லது டாக்டர் மாறிவிட்டாரா? தெரியாது. கிளாஸ்கோ நகரத்து கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் இதற்கு முடிவு கட்டினார்கள். மூன்றே கேள்வி. கண் திறக்கிறாரா? பேசுகிறாரா? கை காலை அசைக்கிறாரா? இன்றைய வடிவத்தில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு மார்க் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. எட்டும் அதற்குக் கீழும் என்றால் படுமோசம். பெரிய டாக்டர் வேண்டாம், நர்ஸே போடலாம். இன்றைக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தலைக்காயக் கேஸ் ஷீட்டில் 'ஜி.சி.எஸ்.' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் இது.

எண் வந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? ஜோசியம் பார்க்க ஆரம்பித்தான். 1976ல் ஜென்னட் குழு அடுத்த கட்டுரையைப் போட்டது. ஆயிரம் பேரின் சராசரி அவர்களுக்குப் போதவில்லை. இந்த ஓர் ஆள் பிழைப்பாரா, எழுந்து நடப்பாரா என்று, முன்பு வந்த நோயாளிகளின் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டரிடம் கேட்டார்கள். விமானம் எங்கே இருக்கப்போகிறது என்று வீனர் கணக்குப் போட்டாரே, ஏறக்குறைய அதே ரகக் கேள்வி.

இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

சிமென்ட் உலையில் 'இன்னும் சற்று நேரத்தில் சூடு விழப்போகிறது' என்று கருவி சொன்னால் என்ன நடக்கும்? நிலக்கரி கூடும். கெட்ட செய்தி வந்ததும் அதிக முயற்சி. ஜோசியம் பொய்க்க வேண்டும், அதற்காகத்தான் ஜோசியமே! ஆஸ்பத்திரியில், 'இவர் தேறுவது கஷ்டம்' என்று கருவி சொன்னால்?

1993ல் லான்செட் மருத்துவ இதழில் டீஸ்டேல், ஜென்னட் குழுவினரே இதைச் சோதித்து எழுதினார்கள். பிரிட்டனில் நான்கு மூளை அறுவை மையங்கள். டாக்டர்களிடம் கம்ப்யூட்டரின் கணிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறுவார் என்று கணிப்பு வந்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை கூடியது. தேற மாட்டார் என்று வந்தவர்களுக்குக் குறைந்தது. ஆதாரத்தோடு தப்பைக் கணக்கு சொல்லவில்லை, டாக்டர்களும் கெட்டவர்கள் இல்லை. இருக்கிற படுக்கை கொஞ்சம். யாருக்குப் பயன்படும் என்று பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் உலையில் நடந்ததற்கு நேர் எதிராக நடந்துவிட்டது, பாருங்கள்.

பாங்கில் வேலை பார்க்கிற என் சிநேகிதர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கடனை 'வாராக்கடன்' பட்டியலில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? யாரும் வசூலுக்குப் போகமாட்டார்கள். போகாததால் கடன் வராது. வருஷக் கடைசியில் மேனேஜர் சொல்வார், 'பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்!' சொன்னது பலித்ததா, அல்லது சொன்னதால் பலித்ததா? அடுத்த வருடம் கணக்குப் போடுகிறவருக்கு இதுவும் ஒரு 'ஆதாரம்' ஆகிவிடும். கைவிட்டதால் இறந்தவரும் கணக்கில் ஏறி, அடுத்து வருகிறவரின் சதவிகிதத்தைக் குறைப்பார். பின்னூட்டம்தான். ஆனால், தப்பான திசையில்.

அதற்காக, எண்ணே வேண்டாம், அனுபவம் போதும் என்று சொல்லிவிடலாமா? ம்ஹூம். அனுபவத்துக்கும் அடி விழுந்திருக்கிறது. மூளை வீக்கம் வற்றும் என்று நம்பி உலகம் முழுக்க டாக்டர்கள் பல்லாண்டுகளாக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 'கிராஷ்' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி. 49 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இந்தியாவும் உண்டு. 2004ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 சதவிகிதம். போடாதவர்களில் 18. நல்லது என்று நினைத்துப் போட்ட மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருப்போம்.

அந்தப் பத்தாயிரம் பேரின் தகவலை வைத்து 2008ல் ஒரு கணிப்பு முறை தயாரித்தார்கள். வயது, கிளாஸ்கோ மார்க், வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா, உடம்பில் வேறு பெரிய காயம் உண்டா. இவற்றோடு ஸ்கேன். இரண்டு வாரத்தில் என்ன, ஆறு மாதத்தில் என்ன என்று சொல்லும். இதில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அவர்கள் தயாரித்தது ஒன்று அல்ல, இரண்டு. பணக்கார நாடுகளுக்கு ஒரு கணக்கு, மற்ற நாடுகளுக்கு வேறு கணக்கு!

யோசித்துப் பாருங்கள். லண்டன்காரன் மண்டையும் ஜெயங்கொண்டத்துக்காரன் மண்டையும் ஒரே எலும்புதான். அதே வயசு, அதே மார்க், அதே கண்மணி. ஆனாலும் சதவிகிதம் வேறு. ஆக, அந்த எண் மண்டைக்குள் இருக்கிற காயத்தை மட்டும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் வந்தது, ஸ்கேன் எத்தனை மைலுக்கு அப்பால், படுக்கை காலியா, பையில் எவ்வளவு பணம்... எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. விதி என்று நினைக்கிறோம். பாதி ரோடு, மீதி ரூபாய்!

இதை மாற்ற முடியுமா? மாற்றியிருக்கிறோம். இங்கிருந்து கிழக்கே, சீர்காழியில் 1922ல் பிறந்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் அவர் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின வருடம்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கியிருந்தார். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் தலையில் பலத்த அடிபட்டவருக்கு எந்தக் கணக்கு போட்டாலும் ஒரே விடைதான் வந்திருக்கும். 2008ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவை அரசு ஏற்கும். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். இப்படி ஒவ்வொன்றாக வரவர பழைய சதவிகிதம் பழசாகிக்கொண்டே போகிறது.

சுண்ணாம்புக்கல் லாரியும் டூவீலரும் ஒரே ரோட்டில் ஓடுகிற மாவட்டம் இது. பெரம்பலூர்ப் பக்கமோ சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. விபத்துச் செய்தி இங்கே புதிது இல்லை. உலைக்குள் சூடு எவ்வளவு என்று நொடிக்கு நொடி கணக்கு வைக்கத் தெரிந்த ஊரில், விபத்தில் அடிபட்டவர் எத்தனை நிமிஷத்தில் ஸ்கேனுக்குப் போனார், ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்கிற கணக்கும் அதே ஒழுங்கோடு இருக்க வேண்டாமா? இந்த ஊருக்கான சதவிகிதம் இந்த ஊர்க் கணக்கிலிருந்துதானே வர முடியும்?

இப்போது புதிய அவதாரம், செயற்கை அறிவு. 2018ல் மும்பையிலிருந்து ஒரு குழு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களைச் சேகரித்துத் தயாரித்த கம்ப்யூட்டர் நிரலை லான்செட்டில் வெளியிட்டது. ரத்தக் கசிவு, எலும்பு முறிவை அது கண்டுபிடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் பார்க்கும் டாக்டர் இல்லாத ஊருக்கு நல்ல துணை. கண்டுபிடிக்கட்டும், சந்தோஷம். ஆனால் கண்டுபிடிப்பது வேறு, கணிப்பது வேறு. கணிக்கிற இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், பழைய வாராக்கடன் பட்டியலைப் படித்துத்தான் வளர்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

டாக்டர்களும் இதை உணராமல் இல்லை. மிக மோசமான மூளைக் காயத்தில், பெரிய முடிவெதையும் எடுப்பதற்கு முன் குறைந்தது 72 மணி நேரம் சிகிச்சை கொடுத்துப் பாருங்கள் என்று 2015ல் தீவிர சிகிச்சை நரம்பியல் நிபுணர்களின் சர்வதேச அமைப்பு அறிவுறுத்தியது. கணிப்பைத் தயாரித்தவர்களும், இது டாக்டரின் தீர்மானத்துக்குத் துணையே தவிர மாற்று இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் யார் சொல்வது? 'இருபது பர்சென்ட் சான்ஸ்' என்று ஒரு வார்த்தை காதில் விழுகிறது. நகையை அடகு வைப்பதா, ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போவதா என்று அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிறது.

உங்களுக்கு அப்படி ஒரு நாள் வர வேண்டாம். வந்தால், டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இது எந்த ஊர் நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு சார்? அவர்களுக்குக் கிடைத்த வைத்தியம் இவருக்குக் கிடைக்கிறதா? இன்னும் இரண்டு நாள் போய்ப் பார்த்தால் இந்த எண் மாறுமா?

நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்கார வைத்துப் பதில் சொல்வார்.